காசிமேட்டுக் கடைகளில் ஒரு முகாம் வண்டி: முதல் இரவுக்கு முன் செய்த வேலைகள்

தார்ச்சாலையை விட்டு இறங்கி, வண்டியோடு போய் ஓர் இரவு வெளியில் தங்கத் தொடங்க வேண்டும் என்று யாரிடம் சொன்னாலும், கூரைமேல் விரியும் கூடாரம், வண்டிக்குள் வைக்கும் மின் குளிர்பெட்டி, முன்பக்கத்தில் புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் என்று ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. அந்தப் பட்டியலின் விலையில் இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். வடசென்னையில், தண்டையார்பேட்டையில் குடியிருப்பவனுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அடுத்த தெருவைப் போன்றது. பல நாள் கடலில் தங்கி வரும் விசைப்படகுகளுக்கு வேண்டிய கயிறு, ஐஸ் பெட்டி, தார்ப்பாய், துருப்பிடிக்காத போல்ட்டு, ஈரம் தாங்கும் பலகை ஆகிய எல்லாவற்றையும் விற்கும் கடைகள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. படகுக்கு ஆகிவருவதில் எது வண்டிக்கும் ஆகும், எது ஆகவே ஆகாது என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதியாக இருந்தது.

வண்டி, ஐந்து கதவு மாருதி ஜிம்னி, மேனுவல் கியர். 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இதற்குத் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். தனிச் சேசிஸ், குறைவேக கியருடன் கூடிய நான்கு சக்கர இயக்கம் இரண்டும் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. ஆகவே வண்டியில் எதையும் வெட்டுவதில்லை, துளைப்பதில்லை, பற்றவைப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன். இது சிக்கனம் மட்டுமன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. முன்பக்க இரும்புக் காப்புக் கம்பிகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. ஞாயிறு மாலை கழற்றி வைத்துவிட்டுத் திங்கள் காலை அலுவலகம் போகக்கூடிய பொருள்களை மட்டுமே ஏற்றுவது என்பதே என் விதி.

இரண்டாவது விதி எடை. பலரும் பேசாத இதைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஜிம்னியின் வெற்று எடை ஏறத்தாழ 1,200 கிலோ. ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. இடையில் மிஞ்சுவது 345 கிலோதான். என் மைத்துனரும் நானும் ஏறினால் 150 கிலோ போய்விடுகிறது. மீதி 195 கிலோவுக்குள் பலகை மேடை 20, தண்ணீர் 40, ஐஸ் பெட்டியும் உணவும் 35, கூடாரமும் படுக்கையும் 18, அடுப்பும் பாத்திரமும் 12, மீட்புக் கயிறும் காற்றுப் பம்பும் மண்வெட்டியும் 22, பேட்டரியும் விசிறியும் விளக்கும் 7, துணிமணி நாற்காலி மேசைக்கு 20 என்று ஒரு நோட்டில் எழுதிக் கூட்டினேன். மொத்தம் 174 கிலோ. மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பது இருக்கையைப் பார்த்தால் தெரியாது, இந்தக் கணக்கைப் பார்த்தால்தான் தெரியும். கூரைமேல் கூடாரம் வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததும் இங்கேதான்: ஐம்பது அறுபது கிலோவை வண்டியின் மிக உயரமான இடத்தில் வைத்துக்கொண்டு சரிவான மண் பாதையில் போவதற்கு, ஏற்கெனவே குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும் இந்த வண்டி ஏற்றதல்ல.

முதல் வேலை, பின்பகுதியில் ஒரு மேடை. பின் இருக்கைகளை மடக்கினால் தரை சமமாக இருப்பதில்லை. சக்கர வளைவுகளும் இருபுறமும் உள்ளே துருத்துகின்றன. ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து, வளைவின் ஓரத்தை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வடிவம் எடுத்தேன். டேப் வைத்து அளப்பதைவிட இது நம்பகமானது. ஏனென்றால் வண்டியின் உட்புறத்தில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் எடுத்தேன். எட்டுக்கு நான்கு அடி முழுப் பலகை 24 கிலோ அளவில் வரும். 18 மில்லிமீட்டராக இருந்தால் 36 கிலோவைத் தொடும். தடிமனைக் கூட்டுவதற்குப் பதிலாக அடியில் குறுக்குக் கால்களை நெருக்கமாக வைத்தால் 12 போதும். தச்சர் இரும்புச் சதுரக் குழாயில் சட்டம் போட்டுத் தருவதாகச் சொன்னார். நோட்டைக் காட்டியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

மரைன் பிளைவுட் என்றாலும் வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறும். காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்கள் ரெசினும் ஹார்டனரும் கலந்து பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின் ஃபைபர் வேலைக்கு நல்லது, ஆனால் மரத்தோடு அதன் பிடிப்பு அவ்வளவு உறுதியானதல்ல; மரத்துக்கு எபாக்சி ரெசின்தான் சரி. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, எபாக்சியைப் பழைய பிரஷ்ஷால் பூசியதும் முதல் பூச்சை மரம் கண்ணெதிரே உறிஞ்சிக்கொண்டது. பிளைவுட்டின் குறுக்கு அடுக்குகள் மட்டும் கறுத்துத் தெரிந்தன. அது இறுகிய பிறகு போட்ட இரண்டாவது பூச்சுதான் கண்ணாடிபோல மேலே நின்றது. கால்களைப் பொருத்த 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகள். சாதாரண 304 ரகமும் துருப்பிடிக்காது என்றுதான் சொல்வார்கள். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்து உப்புக் காற்றில் அதில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அரிப்பு தொடங்கும். 316-இல் சேர்க்கப்படும் மாலிப்டினம் அதைத் தடுக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஆகவே படகுச் சாமான் கடையில் கேட்டு வாங்குவதே நல்லது.

மேடை வண்டியின் தரையில் எங்கும் திருகப்படவில்லை. சரக்கைக் கட்டுவதற்காக வண்டியிலேயே உள்ள கொக்கிகளில் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். சீட் பெல்ட்டின் பிடிமானங்களைத் தொடவில்லை. மேடைக்குக் கீழே பின் அச்சுக்கு முன்னால் தண்ணீர், அதற்குப் பக்கத்தில் மீட்புச் சாமான். மேலே எடை குறைந்த படுக்கையும் துணியும். தண்ணீருக்கு வீட்டில் போடும் 20 லிட்டர் கேன் சரிப்படாது. அது உருண்டை, கட்ட முடியாது, பாதி காலியானதும் உள்ளே தண்ணீர் அலையும். தட்டையான 10 லிட்டர் கேன்களாக வைத்தால் ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைத் திறக்கலாம், ஒன்று உடைந்தாலும் மற்றவை மிஞ்சும்.

குளிர்பெட்டி விஷயத்தில் மீனவர்கள் நமக்கு முன்பே முடிவு சொல்லிவிட்டார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. மின் கணக்கில் அது ஏறத்தாழ 93 வாட்-மணி. பத்து கிலோ ஐஸ் வைத்தால் 930 வாட்-மணிக்கு ஈடான குளிர் கையில் இருக்கிறது. மின் குளிர்பெட்டி வாங்கினால் அதற்குப் பெரிய பேட்டரி, அதை ஏற்றச் சார்ஜர், வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து தடித்த ஒயர் என்று வேலை நீளும். ஓரிரு இரவுக்கு அது தேவையில்லை. கெட்டியான சுவருள்ள 45 லிட்டர் பெட்டி ஒன்றும், தூளாக்காத பார் ஐஸும் போதும். அதே எடையில் தூள் ஐஸைவிடப் பாருக்கு வெளிப்பரப்பு குறைவு என்பதால் மெதுவாக உருகும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மீனுக்காகச் செய்யும் ஐஸ் குடிநீரில் செய்யப்படுவதல்ல. அதை மோரில் போட்டுக் குடிக்க முடியாது. உணவை இறுக மூடிய டப்பாக்களில் வைத்து, குடிப்பதற்கு வீட்டு ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களையும் பெட்டியின் ஒரு மூலையில் வைத்துவிடுகிறேன்.

குளிர்பெட்டி போனதும் மின்சாரக் கணக்கு சின்னதாகிவிட்டது. 15 வாட் டிசி விசிறி எட்டு மணி நேரத்துக்கு 120 வாட்-மணி, விளக்குக்கு 25, இரண்டு கைப்பேசிக்கு 30; எல்லாம் சேர்ந்து 175. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரி 256 வாட்-மணி தரும். ஓர் இரவுக்கு அதுவே மிச்சம். அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பாசிட்டிவ் முனையை ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, படகுகளில் பயன்படுத்தும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரால் இணைத்தேன். சாதாரண செம்பு ஒயரை இந்தக் கரையோரத்தில் ஒரு வருடம் கழித்து உரித்துப் பார்த்தால், முனையிலிருந்து உள்ளே வெகுதூரம் கறுத்திருக்கும். வண்டியின் மின் இணைப்போடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. வீட்டிலேயே சார்ஜ் ஏற்றி எடுத்துச் செல்கிறேன். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் பேட்டரியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பெட்டிக்குக் கைப்பிடியும் உண்டு.

கயிற்றுக்கு வருகிறேன். படகுக் கடையை நம்பிப் போகிறவர் நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். மணலில் புதைந்த வண்டியை இன்னொரு வண்டி இழுக்கும்போது, கயிறு மீள்தன்மையோடு நீள வேண்டும். நைலான் கயிறு இழுவையில் 20 முதல் 30 விழுக்காடு வரை நீண்டு, அந்த ஆற்றலைச் சேமித்து, புதைந்த வண்டியை மெல்லத் தூக்கி வெளியே எடுக்கும். நீளாத கயிற்றில் ஓடி இழுத்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் கொக்கியின்மேலும் சேசிஸின்மேலும் விழும். அங்கே எது பிய்ந்தாலும் அது பறந்து வந்து ஆளைக் கொல்லும். கடைகளில் நைலான் என்று கேட்டால் எடுத்துப்போடும் கயிறு பல சமயம் பாலிப்ரொப்பிலீன், எச்டிபிஇ போன்ற வேறு பிளாஸ்டிக்காக இருக்கும். கடைக்காரப் பெரியவரிடம் அது என்ன சரக்கு என்று கேட்டபோது அவர் விளக்கம் சொல்லவில்லை. ஒரு முழம் துண்டை வெட்டி, ஐஸ் உருகிய தண்ணீர் நின்ற வாளியில் போட்டார். அது மிதந்தது. இன்னொரு சுருளிலிருந்து வெட்டிப் போட்ட துண்டு நீரை உறிஞ்சிக்கொண்டு மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தது. “மெதக்குறது வலைக்கு, தம்பி. முழுவுறதுதான் நைலான். ஆனா ரெண்டும் படகக் கட்டிப்போடத்தான், வண்டிய இழுக்கறதுக்கு என்னைக் கேக்காத,” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. பாலியெஸ்டரும் நீரில் மூழ்கும், ஆனால் நைலானைப் போல நீளாது; ஆகவே மூழ்குகிறது என்பது மட்டும் சான்றாகாது. எடைத் தாங்குதிறன் அச்சிடப்படாத கயிற்றை மீட்பு வேலைக்கு எடுக்கவே கூடாது. மீட்புக்கென்றே செய்த 19 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைத் தனியாக வாங்கினேன். வண்டியின் மொத்த எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு அறுபடும் வலிமை வேண்டும் என்பது பொது விதி; மூன்று மடங்கு என்று எடுத்தால் எனக்கு நாலரை டன்னுக்கு மேல். கயிற்றை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளும் அப்படித்தான். படகுக் கடையில் பளபளவென்று தொங்கும் ஷேக்கிள்களில் எண் இருக்காது, உடலில் 4.75 டன் என்று அச்சு வார்த்த முக்கால் அங்குல வில் ஷேக்கிள்தான் இந்த வேலைக்கு. கயிற்றில் முடிச்சுப் போட்டால் வலிமையில் பாதி வரை போய்விடும், ஆகவே இரு முனையிலும் பின்னிய காது இருக்க வேண்டும். காசிமேட்டிலிருந்து நான் எடுத்து வந்த கயிறு முழுவதும் தார்ப்பாயையும் சாமானையும் கட்டத்தான் பயன்படுகிறது. அந்த வேலைக்கு அதைவிட மலிவான நல்ல கயிறு நகரில் வேறெங்கும் இல்லை.

புறப்படுவதற்கு முன்பு, எல்லாவற்றையும் ஏற்றி, இருவரும் உட்கார்ந்து, மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஏறும் எடைமேடையில் வண்டியை நிறுத்தினோம். முன்னும் பின்னும் நாற்பதடி டிரெய்லர்கள். நடுவில் ஒரு ஜிம்னி. ரசீது போடுபவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். 1,530 கிலோ. நோட்டுக் கணக்கு 1,524 என்றது. பத்துப் பத்தாக எண் காட்டும் மேடையில் இதைவிட நெருக்கமாக எதிர்பார்க்க முடியாது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு வேளை டிபனுக்கு ஆவதுதான், வடசென்னையில் எடைமேடைக்கும் பஞ்சமில்லை.

எங்கே போவது என்பதில் ஆசையைவிடச் சட்டம் முந்திக்கொள்கிறது. பழவேற்காட்டுக் கடற்கரை பக்கத்தில் இருந்தாலும் அங்கே மணலில் வண்டி இறக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரை நெடுகப் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. டயர் தடமும் முகப்பு விளக்கும் அவற்றுக்கு எமன். காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ உயிரிழப்புகளுக்குப் பிறகு வனத்துறை இதில் இன்னும் கண்டிப்பாகிவிட்டது. ஆகவே தொடங்குகிறவருக்கு உகந்தது, உரிமையாளரின் ஒப்புதலோடு தங்கும் பட்டா நிலம். மைத்துனர் வழியில் ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. செங்குன்றம், பெரியபாளையம் வழியாகப் போனால் ஆரணியாற்றை ஒட்டியே வந்துவிடலாம். கடைசிப் பகுதி மாட்டு வண்டிப் பாதை. தோப்பின் ஓரத்தில் பழைய வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணல் திட்டு. கற்றுக்கொள்ள இது போதும்.

அந்தத் திட்டில் வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தோம். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டை சொல்லும் காற்றழுத்தத்தோடு, இரு சக்கர இயக்கத்தில் ஏறினால் வண்டியின் நீளத்துக்குக் கூடப் போகவில்லை. பின் சக்கரங்கள் சுழன்று குழி தோண்டின. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டும் பாதிவரை போய் நின்றது. பிறகு நான்கு டயரிலும் காற்றை 16 பிஎஸ்ஐ வரை இறக்கினோம். வால்வைத் திறந்து உட்கார்ந்து பார்த்தால், டயரின் அடிப்புறம் மெல்லத் தட்டையாகி முன்னும் பின்னும் நீள்வது தெரியும். அகலத்தில் ஏற்படும் மாற்றம் சொற்பம். மணலில் பாரத்தைப் பரப்புவது இந்த நீண்ட தடம்தான். இப்போது குறைவேக கியரில், இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் விட்டபோது, எந்தச் சிரமமும் இல்லாமல் திட்டைத் தாண்டியது. வின்ச்சுக்கும் பெரிய டயருக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன்பு ஒவ்வொருவரும் இதை ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும் என்பேன். காற்று இறக்கிய டயரில் திருப்பத்தை வெட்டி ஒடிக்கக் கூடாது, ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். வேகமும் முப்பதைத் தாண்டக் கூடாது. நான்கு சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டவும் கூடாது, முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கும்.

இறக்கிய காற்றை மறுபடி ஏற்றினால்தான் வீடு திரும்ப முடியும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு பம்புகள் ஒரு டயருக்கே சூடேறித் திணறும். பெரிய பம்பு 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் அந்தத் துளையின் ஃபியூஸ் தாங்காது; எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி முனையிலேயே நேராகக் கிளிப் போட வேண்டும். வாங்கிய பொருள்களில் இதற்குக் கொடுத்த பணத்தைப் பற்றி மட்டும் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டிக்குள் படுப்பது நம் வெக்கைக்கு நடக்காத காரியம். நான்கு பக்கமும் வலை உள்ள தரைக் கூடாரமும், அதற்கு மேலே தார்ப்பாயும், உள்ளே விசிறியும்தான் தூக்கம் தரும். மணலில் கூடார முளை நிற்காததால் சாக்குப் பைகளில் மணல் நிரப்பிக் குழியில் புதைத்து, அவற்றில் கயிற்றைக் கட்டினோம். அடுப்பு எப்போதும் வெளியில், காற்றுப் போகும் திசையில். கூடாரத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ எரித்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். வயற்புறங்களில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. செருப்பையும் ஷூவையும் கூடாரத்துக்குள் வைத்து ஜிப்பை மூடிவிட வேண்டும், இரவில் எழுந்தால் டார்ச் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு வழியை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தோம்.

திரும்பி வந்ததும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, ஷேக்கிள் திருகுகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, நைலான் கயிற்றை வாளியில் அலசி நிழலில் காய வைத்தேன்; மணல் துகள் இழைகளுக்குள் தங்கினால் அடுத்த இழுவையில் அதுவே இழையை அறுக்கும். மேடையின் இடது பின் மூலை, பாதை குலுக்கலில் கதவு ரப்பரை உரசியிருக்கிறது. அந்த மூலையில் அரை அங்குலம் சீவி, மறுபடி எபாக்சி பூச வேண்டும். பின்கதவின் மேல் விளிம்பிலிருந்து தார்ப்பாயைப் பந்தல்போல இழுத்துக்கட்ட இரண்டு அலுமினியக் குழாய்கள் வேண்டும். எடைக் கணக்கில் இன்னும் பதினைந்து கிலோ பாக்கி இருக்கிறது, அதற்குள் அடங்கிவிடும்.